பூட்டிக் கிடக்கும் இளைப்பாறு மண்டபம்: எமது கிராம அபிவிருத்திச் சங்கத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு உறுப்பினர்களே, பொதுச்சபைக்கு வந்திருக்கும் ஊரவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

கடந்த ஆண்டு நிர்வாகக் குழு மாதம் தவறாமல் கூடியது. மாரிக்கு முன்னர் வாய்க்கால் துப்புரவுக்கும் மயானப் பாதைக்குமாக இரண்டு சிரமதானங்கள் நடந்தன. முன்பள்ளிக் கூரையின் ஓட்டைத் தகரங்கள் மாற்றப்பட்டன. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மிகுதி நேரத்தை ஒரே ஒரு விடயத்துக்கு எடுத்துக்கொள்ள அனுமதி தாருங்கள். ஏ-9 வீதியில், எமது சந்தியில் உள்ள இளைப்பாறு மண்டபம் கடந்த பங்குனி தொடக்கம் பூட்டிக் கிடக்கிறது.

பூட்டப்பட்ட விதம் உங்களுக்குத் தெரியும். முதலில் தண்ணீர் மோட்டர் எரிந்தது. தாங்கி காய்ந்ததும் மலசலகூடம் நாற்றமெடுத்தது. துப்புரவு செய்த அக்காவின் சம்பளம் இரண்டு மாதம் வராததால் அவரும் நின்றுவிட்டார். பிறகு ஒரு நாள் பொறுப்பானவர்கள் வந்து ஆமைப்பூட்டுப் போட்டு, ‘தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது’ என்று ஒரு மட்டையில் எழுதிக் கட்டிவிட்டுப் போனார்கள். வெயிலில் மட்டை வெளிறி எழுத்தும் போய்விட்டது. பூட்டு மட்டும் அப்படியே தொங்குகிறது.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை 321 கிலோமீற்றர் ஓடும் வீதி இது. வவுனியா தாண்டினால் ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று சந்திகள் வரும். இடையில் காடும் வயலும்தான். பகலில் எந்தச் சந்தியிலும் ஒரு பிளேன்ரீ குடிக்கலாம். இரவு ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு கடைகள் அடைத்துவிடும். ஆனால் கொழும்பால் வரும் இரவு பஸ்கள் எங்களைத் தாண்டுவது விடியப்புறத்தில். யாழ்ப்பாணத்தால் போகிறவை நடுச்சாமத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாக வரும். மண்டபம் அதிகம் தேவைப்படுவதும் அந்த நேரத்தில்தான்.

2023ஆம் ஆண்டின் முதல் பாதியில் அநுராதபுரத்துக்கும் ஓமந்தைக்கும் இடையில் ரயில் பாதை திருத்த வேலைக்காக மூடப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். யாழ்தேவியில் போய்வந்தவர்கள் எல்லோரும் வீதிக்கு வந்தார்கள். அப்போது மண்டபம் திறந்திருந்தது. இரவு முழுக்க விளக்கு எரியும், ஆட்கள் வந்து முகம் கழுவிவிட்டுப் போவார்கள். ‘உங்கட சந்தி வந்தால்தான் மூச்சு வரும்’ என்று ஒரு நடத்துனர் தம்பி என்னிடம் சொன்னதுண்டு. அதே தம்பி இப்போது சொல்வது வேறு: பஸ்ஸில் வரும் பெண்கள் வவுனியாவுக்கு முன்னமே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்களாம். தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கிக்கொண்டு மணிக்கணக்கில் இருப்பது வருத்தத்தை விலைக்கு வாங்குவதுதான். மகரகமவுக்கும் தெல்லிப்பழைக்கும் புற்றுநோய் வைத்தியத்துக்குப் போய்வருகிறவர்களும் இதே பஸ்களில்தான் இருக்கிறார்கள். அவர்களை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

ஆவணியில் நடந்த ஒன்றைப் பதிவுக்காகச் சொல்கிறேன். நல்லூரிலிருந்து திரும்பிய வான் ஒன்று இரவு ஒரு மணியளவில் மண்டபத்தடியில் நின்றது. சத்தம் கேட்டு ரோச் லைற்றோடு போனேன். நீரிழிவு வருத்தமுள்ள ஓர் அம்மம்மா படலைக் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறார். பேத்தி, ‘பத்தைப் பக்கம் போவம், நான் மறைச்சு நிக்கிறன்’ என்று கெஞ்சுகிறாள். அவர் அசையவில்லை. ‘தாரை விட்டு நான் இறங்கமாட்டன் பிள்ளை, அங்க வெடி இருக்கும்’ என்றார்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எங்களுக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. போரால் பூட்டிக் கிடந்த பாதை 2002 சித்திரையில் திறந்தபோது, கண்ணிவெடி இருக்கிறது என்று மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகைகள் வீதியின் இரு பக்கமும் நின்றன. எந்த அவசரமானாலும் தாரை விட்டுக் கால் வைக்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தோம். 2006 ஆவணியில் பாதை மறுபடி பூட்டப்பட்டது. சண்டை முடிந்து திறந்த பிறகும் ஓமந்தையில் இறங்கி ஏறும் சோதனை 2015 வரை இருந்தது. இப்போது பலகைகள் இல்லை, சோதனையும் இல்லை. அந்த அம்மம்மாவின் காலுக்கு மட்டும் அது இன்னும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைத் தட்டி எழுப்பி, அவர்கள் வீட்டுப் பின்வளவுக்குக் கூட்டிப்போனோம். திரும்பி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை.

அன்று தொட்டு வீதியோரத்தில் மூன்று வீட்டார் படலையைத் தாழிடாமல், பின்பக்க விளக்கைப் போட்டுவிட்டுப் படுக்கிறார்கள். அவர்களுக்கு இந்தச் சபையின் நன்றி. ஆனால் அவர்களுக்கும் நித்திரை வேண்டும், குமர்ப்பிள்ளைகள் இருக்கும் வீடுகள். இதை ஏற்பாடு என்று சொல்லி நாங்கள் சும்மா இருக்க முடியாது.

அடுத்தது சாரதிமார். முன்பு தம்புள்ளைக்கு மரக்கறி, வெங்காயம் ஏற்றிப் போகும் லொறிக்காரர்கள் மண்டபத் திண்ணையில் அரை மணி நேரம் சரிந்துவிட்டுப் போவார்கள். இப்போது வீதிக்கரையில் விளக்கை அணைத்துவிட்டு நிற்கிறார்கள், அல்லது கண்ணைக் கசக்கியபடியே ஓடுகிறார்கள். எங்கள் வீதி நேர்வீதி, நித்திரை தானாக வரும். மாடுகள் இரவில் தார்ச் சூட்டுக்கு நடுவீதியில் படுப்பதும் உங்களுக்குத் தெரியும். மாட்டுக்காரர்களிடம் எத்தனை முறை சொல்லியாயிற்று!

‘முறிகண்டியில் நிற்கலாம்தானே’ என்று ஒரு கூட்டத்தில் எங்களுக்குச் சொல்லப்பட்டது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு போவது எல்லோரும் செய்வதுதான். அதற்காக வீதி முழுவதற்கும் ஓரிடம் போதும் என்றால், எங்கள் முன்னோர் ஏன் மைலுக்கு மைல் சுமைதாங்கியும் கேணியும் மடமும் வைத்தார்கள்? பருத்தித்துறையில் தெருவை மூடி நிற்கும் மடத்தை இன்றும் பார்க்கலாம்.

வெளிநாட்டிலிருந்து லீவில் வந்திருந்த எமது அங்கத்தவர் ஒருவர் நிர்வாகக் குழுவில் பேசினார். அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலம் 2009இல் செலவைக் குறைக்க நெடுஞ்சாலையோரத்தில் 19 இளைப்பாறும் இடங்களை மூடியது. எதிர்ப்புக் கிளம்ப, அடுத்த ஆண்டே அவை திறக்கப்பட்டன. அரிசோனாவும் அதே 2009இல் 13 இடங்களை மூடியது. வசதியான நாட்டிலும் முதலில் கைவைப்பது இதில்தானா என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

மண்டப வாசலில் கச்சானும் தயிர்முட்டியும், காலத்துக்குப் பாலைப்பழமும் விற்ற எமது பெண்களின் உழைப்பும் போய்விட்டது. இருவர் ஆடைத் தொழிற்சாலை வேலைக்குப் போகிறார்கள். விடிய நாலரைக்கு பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு.

சங்கம் மூன்று கடிதங்கள் எழுதியது. இரண்டுக்குப் பதில் வந்தது: நிதி ஒதுக்கீடு கிடைத்ததும் கவனிக்கப்படும். மார்கழியில் நேரில் போய்ப் பேசியபோதுதான் ஒரு வழி பிறந்தது. மோட்டரை அவர்கள் மாற்றித் தருவார்கள். அன்றாடப் பராமரிப்பைச் சங்கம் பொறுப்பெடுப்பதாக எழுத்தில் கொடுத்தால் சாவி எங்கள் கைக்கு வரும்.

கட்டணம் வாங்குவதா என்பதில் நிர்வாகக் குழு இரண்டாக நிற்கிறது. பராமரிக்கிற அக்காவுக்கு மாதம் தவறாமல் சம்பளம் போக வேண்டும். அது தவறியதால்தான் எல்லாம் குலைந்தது. ஆகவே மலசலகூடத்துக்குச் சிறு தொகை வாங்கலாம் என்பது என் கருத்து. குடிதண்ணீருக்கும் திண்ணைக்கும் ஒரு சதமும் வாங்கக்கூடாது. கையில் காசில்லாமல் வருகிறவரைத் திருப்பி அனுப்பவும் கூடாது. இதைச் சபை முடிவு செய்யட்டும்.

பொறுப்பெடுக்கும் தீர்மானம் தேநீருக்குப் பிறகு முன்வைக்கப்படும். நிறைவேறினால் முதல் வேலை தாங்கி கழுவுவது. வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆட்கள் தேவை. வாளியும் தும்புத்தடியும் கொண்டுவாருங்கள்.

நன்றி.

செயலாளர்