அளவு எடுக்கிறோம், அதை யார் பார்ப்பது?

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டச் சுகாதார அலுவலர்களுக்கும் வணக்கம்.

கடைமடைப் பகுதியில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தொலைமருத்துவம் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், வீடியோ காலில் டாக்டரைப் பார்ப்பதும், வீட்டிலேயே பிரஷர், சுகர், எடை பார்த்து அனுப்புவதும் ஒரே கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. இரண்டும் வேறு வேறு வேலை. செய்கிற ஆள் வேறு, நேரம் வேறு, பொறுப்பும் வேறு. பிரித்துப் பார்க்காமல் பணம் ஒதுக்கினால் மெஷின் வந்து சேரும், கவனிப்பு வராது. அதனால்தான் இந்த மடலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

வீடியோ கால் ஆலோசனையை நான் குறைத்துச் சொல்லவில்லை. வேதாரண்யம் பக்கம் உப்பளத்தில் வேலை செய்கிற பெண் நாகப்பட்டினத்துக்குப் பஸ் ஏறினால் அன்றைக்குக் கூலி போச்சு. தோலில் தடிப்பு, ரத்தப் பரிசோதனை முடிவு, ஒத்துக்கொள்ளாத மாத்திரை, இதையெல்லாம் வீட்டில் இருந்தபடியே கேட்க முடிவது பெரிய உதவி. 2019 நவம்பரில் தொடங்கிய இ-சஞ்சீவனி என்ற மத்திய அரசின் தொலைமருத்துவச் சேவை, கொரோனா ஊரடங்கின்போது 2020 ஏப்ரலில் நோயாளியே நேராக டாக்டரோடு பேசும்படி விரிந்தது. அதற்குச் சற்று முன், மார்ச் 25 அன்று வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள், போனில் சொல்லி முடிகிற விஷயமா, நேரில் வரச் சொல்ல வேண்டியதா என்று தீர்மானிக்கும் பொறுப்பை டாக்டரிடமே கொடுத்தன. சரியான ஏற்பாடு.

ஆனால் நோயாளி கூப்பிட்டால்தான் அது நடக்கும். கூப்பிட வேண்டும் என்று அவருக்கு முதலில் தோன்ற வேண்டும். எங்கள் ஊர்களில் பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள், பெரியவர்கள் தனியாக இருக்கிறார்கள். தனியாக இருப்பவர் தொந்தரவு தரக் கூடாது என்றே பாதியை மறைப்பார்.

இதயம் பலவீனமான ஒரு பெரியம்மா, வீடியோ காலில் டாக்டர் கேட்டதற்கு, "நல்லாத்தான் இருக்கேன் தம்பி" என்றார். பேத்தி பிடித்திருந்த செல்போனில் முகம் மட்டும்தான் தெரிந்தது. பக்கத்தில் இருந்த நான் புடவையைக் கொஞ்சம் தூக்கி, கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. ராத்திரியில் தலையணையை அடுக்கி வைத்துக்கொண்டு பாதி உட்கார்ந்தபடிதான் தூங்குகிறார் என்று பேத்தி சொன்னாள். டாக்டரிடம் குறை இல்லை, அவருக்குக் கிடைத்த பதில் அவ்வளவுதான். இந்த அம்மா தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன், எடை மெஷினில் ஏறி நின்றிருந்தால், உடம்பில் நீர் கோப்பது கால் வீங்கும் முன்பே தெரிந்திருக்கும். சில நாளுக்குள் இரண்டு கிலோ ஏறுவது சாப்பாட்டினால் வருவதில்லை. அந்தக் கட்டத்தில் டாக்டர் நீர் மாத்திரையின் அளவை மாற்றினால் பெரும்பாலும் வீட்டிலேயே சரியாகும். விட்டுவிட்டால் மூச்சுத் திணறி 108ஐக் கூப்பிடும் நிலைமை.

தொலைக் கண்காணிப்பு என்பது இதுதான். நோயாளி வாய் திறக்காவிட்டாலும் அளவு பேசும். அதைக் கேட்க ஓர் ஆள் வேண்டும் என்பதே என் முழு வாதமும். 2010இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இதய நோயாளிகள் 1,653 பேரில் பாதிப் பேர் தினமும் தானியங்கித் தொலைபேசியில் எடையையும் உடல்நிலையையும் பதிய வேண்டும் என்று வைத்தார்கள். ஆறு மாதத்தில் மருத்துவமனைச் சேர்க்கையோ மரணமோ குறையவில்லை. ஏழில் ஒருவர் ஒரு தடவைகூட அதைப் பயன்படுத்தவில்லை. 2018இல் வெளியான ஜெர்மன் ஆய்வு வேறு மாதிரி. எடை, ரத்த அழுத்தம், இசிஜி, ஆக்சிஜன் அளவுகள் தினமும் ஒரு மையத்துக்குப் போயின. அங்கே டாக்டர்களும் செவிலியர்களும் 24 மணி நேரமும் இருந்தார்கள், அளவு மாறினால் அவர்களே நோயாளியைக் கூப்பிட்டார்கள். அங்கே மரணமும் குறைந்தது, திடீரென மருத்துவமனையில் கிடக்கும் நாட்களும் குறைந்தன. நோயாளிகளும் முறையும் இரண்டிலும் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஆனாலும் மறுமுனையில் ஆள் இருந்ததைச் சின்ன விஷயமாக என்னால் நினைக்க முடியவில்லை. அமெரிக்காவில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் 2019இல் இதற்குத் தனிக் கட்டணம் வகுத்தபோது, கருவிக்கு மட்டும் பணம் வைக்கவில்லை. மாதம் 20 நிமிடமாவது அந்த அளவுகளைப் பார்த்து நோயாளியோடு பேசும் வேலைக்கும் சேர்த்தே வைத்தது.

நம்மிடம் இதற்கான அடித்தளம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசலுக்கே பிரஷர் மெஷினைக் கொண்டுவந்தது. அதில் வீடு வீடாகப் போகும் பெண் தன்னார்வலர்களின் உழைப்பை மதிக்கிறேன். அவர்கள் வந்து போகும் நாட்களுக்கு இடைப்பட்ட நாட்களைப் பற்றித்தான் கேட்கிறேன். ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு மட்டும் வீட்டிலேயே மெஷின் கொடுங்கள். கொடுக்கும் அன்றே பழக்குங்கள். சம்மணம் போட்டு, பேசிக்கொண்டே, ஜாக்கெட் கைக்கு மேல் பட்டையைச் சுற்றி எடுத்த அளவை நம்பி மருந்தைக் கூட்டக் கூடாது. முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் அமைதியாக இருந்துவிட்டு எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் 140/90 எல்லை என்றால் வீட்டு அளவுக்கு 135/85 என்பதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஒவ்வொரு மெஷின் மீதும் ஒரு செவிலியரின் பெயரும் போன் நம்பரும் ஒட்டியிருக்கட்டும். எந்த அளவைத் தாண்டினால் அவர் எத்தனை மணி நேரத்துக்குள் பேச வேண்டும், அவர் லீவு என்றால் யார் பார்ப்பது என்று எழுத்தில் இருக்கட்டும். இதை ஏற்கெனவே இருக்கும் செவிலியரின் தலையில் கூடுதல் வேலையாகக் கட்டாதீர்கள். தனிப் பணியிடம் வேண்டும், அதற்குச் சம்பளம் வேண்டும். அனுப்பும் அளவுகள் யார் கையில் போகின்றன என்று நோயாளிக்குச் சொல்லி ஒப்புதல் வாங்குவதும் கட்டாயம்.

அளவு வராமல் நின்றுபோனால் என்ன செய்வது என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். வீடியோ காலில் நோயாளி கூப்பிடவில்லை என்றால் யாரும் தேடுவதில்லை. கண்காணிப்பில் இரண்டு நாள் அளவு வரவில்லை என்றால் ஆள் கிளம்ப வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகு, பல கிராமங்கள் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தன. அப்படிப்பட்ட நாட்களுக்கென்று, ஊர்வாரியாக இந்த நோயாளிகளின் பட்டியல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காகிதத்திலும் இருக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டை முதலில் வேதாரண்யம் வட்டாரத்தில், இதய நோயாளிகளுக்கு மட்டுமாவது, அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மெஷின் வாங்க டெண்டர் விடும் முன்பு, அளவைப் பார்க்கப்போகும் செவிலியரை நியமித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
நாகப்பட்டினம் மாவட்டம்