கொலோனிலும் டிரெஸ்டனிலும் துணை நின்றவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

ஜெர்மனியின் பழைய கட்டடங்களைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையோடு புறப்பட்ட எனக்கும் என் கணவருக்கும், அந்தக் கட்டடங்களைப் பழுதுபார்த்துக் காத்துவரும் தொழிலையே அருகில் நின்று காணும் வாய்ப்பை அமைத்துக் கொடுத்தவர்கள் நீங்கள். எல்லோருடைய முகவரியும் எங்களிடம் இல்லாததால் இந்த மடலைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதல் நன்றி, கொலோனில் எங்களைத் தங்கள் வீட்டில் தங்கவைத்த யாழ்ப்பாணத்து அக்காவுக்கும் அத்தானுக்கும். பேராலயத்தின் கூரைமீது அழைத்துச் செல்லும் சுற்றுக்கு முன்கூட்டியே இடம் பிடித்து, வேலைக்கு விடுப்பும் எடுத்து, வழிகாட்டி ஜெர்மன் மொழியில் சொன்னதை வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தீர்கள், அக்கா. 1248-இல் தொடங்கி, பதினாறாம் நூற்றாண்டில் நின்றுபோய், 1842-இல் மீண்டும் தொடங்கி 1880-இல் முடிந்த கோயில் அது என்பதைப் படித்திருந்தோம். ஆனால் ஈபிள் கோபுரம் எழுவதற்கு முன்பே அதன் கூரைக்கு இரும்புச் சட்டகம் அமைத்துவிட்டார்கள் என்பதை அந்தச் சட்டகத்தின் கீழே நின்றுதான் அறிந்துகொண்டோம். 1943-இல் வடகோபுரத்தைத் தாங்கி நிற்கும் உதைசுவரைக் குண்டு பெயர்த்தபோது, கோபுரம் சரியாமலிருக்க அவசரமாகச் செங்கல் வைத்து அடைத்த இடத்தையும் நீங்களே காட்டினீர்கள். எண்பதுகளில் நீங்கள் அந்த ஊருக்கு வந்தபோது செங்கல் வெளியே தெரிந்ததாம்; 2005-க்குள் அதன்மேல் பழைய வடிவத்திலேயே கல் பொருத்தி மூடிவிட்டார்கள். அது அப்படியே இருந்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னதை இரண்டு நாள் யோசித்துப் பார்த்து, உங்கள் பக்கமே சேர்ந்துவிட்டேன். போர்க்காலத்தில் கைக்குக் கிடைத்ததைக் கொண்டு ஒரு கோபுரத்தைத் தாங்கிப் பிடித்த கொத்தர்களின் வேலையும் அந்தக் கோயிலின் வரலாறுதானே.

பேராலயத்தின் கல்தச்சுப் பட்டறையில் எங்களை அருகில் நின்று பார்க்க அனுமதித்த கல்தச்சருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. மழையும் நகரத்துப் புகையும் அரித்ததால் முகம் தேய்ந்துபோன ஓர் இலைச் சிற்பத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதற்கு மாற்றாகப் புதுக்கல்லில் அதே இலையை உளியாலும் கொட்டாப்புளியாலும் செதுக்கிக்கொண்டிருந்தீர்கள். தரையிலிருந்து எவர் கண்ணுக்கும் எட்டாத உயரத்தில் நிற்கப்போகும் அந்த இலையின் பின்புற நரம்புகளையும் நீங்கள் விடவில்லை. டிராகன்ஃபெல்ஸ் மலையில் வெட்டி ரைன் ஆற்றில் படகேற்றிக் கொண்டுவந்த இடைக்காலக் கல்லில் ஒரு துண்டை என் கையில் கொடுத்து, அதில் நகக்கண் அளவுக்கு மின்னும் படிகங்களைத் தடவிப் பார்க்கச் சொன்னீர்கள். படிகம் உள்ள இடத்தில் வெடிப்பு முதலில் தொடங்கும் என்று நீங்கள் சுட்டிக்காட்டிய பிறகு, கோயிலின் வெளிச்சுவரை நாங்கள் பார்த்த விதமே மாறிவிட்டது. இத்தகைய கோயில் பட்டறைகளின் தொழில்மரபைக் காக்கும் முறையை யுனெஸ்கோ 2020-இல் தன் பதிவேட்டில் சேர்த்திருக்கிறது. அந்தச் சிறப்புக்கு உங்கள் பட்டறை முழுவதும் உரியது.

டிரெஸ்டனுக்கான ரயிலில் இடம் மாற்றிக்கொடுத்த இளைஞருக்கும், தங்கும் விடுதியில் நள்ளிரவில் கதவு திறந்த அம்மையாருக்கும் எங்கள் நன்றி.

டிரெஸ்டன் பெண்மணிக்கு இனிச் சொல்ல வேண்டும். ஃபிராவென்கிர்ஹே ஆலயத்தின் வாசலில் தொண்டராக நின்ற நீங்கள், உங்கள் பணிநேரம் முடிந்த பிறகும் எங்களோடு வெளிச்சுவரைச் சுற்றி வந்தீர்கள். 1743-இல் கட்டி முடித்த ஆலயம் 1945 பிப்ரவரிக் குண்டுவீச்சின் தீயில் வெந்து இடிந்ததும், அதன் இடிபாட்டு மேட்டைப் பார்த்தபடியே நீங்கள் பள்ளிக்குப் போனதும், 1993-இல் தொடங்கி அந்த மேட்டின் கற்களை அளந்து, படமெடுத்து, எண்ணிட்டு அடுக்கியதும் உங்கள் வாயால் கேட்டவை. கறுத்த பழைய கல்லை அதன் பழைய இடத்திலேயே வைத்து, இடைவெளிகளை மஞ்சள் நிறப் புதுக்கல்லால் நிரப்பியிருக்கிறார்கள். இரண்டும் சந்திக்கும் ஒரு பொருத்தில் என் விரலை வைக்கச் செய்தீர்கள்: பழையதன் விளிம்பு மழுங்கியிருந்தது, புதியதன் விளிம்பு கூராக இருந்தது, நடுவே சாந்து மிக மெல்லியதாக ஓடியது. எது பழையது, எது புதியது என்பதை மறைக்காமல் செய்த பழுதுபார்ப்பை இவ்வளவு தெளிவாக நான் வேறெங்கும் கண்டதில்லை. உள்ளே பலிபீடத்தை ஏறத்தாழ 2,000 துண்டுகளிலிருந்து சேர்த்திருப்பதையும், உச்சிச் சிலுவையைச் செய்த லண்டன் பொற்கொல்லர் ஆலன் ஸ்மித்தின் தந்தை அந்தக் குண்டுவீச்சில் பங்கேற்ற விமானி என்பதையும் சொன்னபோது உங்கள் குரல் தழுதழுத்தது. எங்களுக்கும் பேச்சு வரவில்லை. ஆலயம் 2005-இல் மீண்டும் திறக்கப்பட்டது. அதற்கான செலவில் பாதிக்கும் மேல் உலகெங்குமிருந்து வந்த நன்கொடை. அதில் உங்கள் சேமிப்பும் இருந்தது என்பதை உங்கள் தோழி சொல்லித்தான் அறிந்தோம்.

பட்டறையில் எடுத்த படங்களை அச்சிட்டு அக்காவின் முகவரிக்கு அனுப்பியிருக்கிறோம்; கல்தச்சரிடம் சேர்ப்பதாக அவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். டிரெஸ்டன் அம்மையாருக்கு உரியவை ஆலயத்தின் வரவேற்பு மேசைக்கு வந்துசேரும்.

நெஞ்சார்ந்த நன்றியுடன்,
உங்கள் விருந்தினர் இருவர்