நான் மருந்தடித்த கூன்வண்டு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. தோப்பில் மறுபடி சிவப்புக் கூன்வண்டு விழுந்து நாலு தென்னை போய்விட்டது என்று எழுதியிருந்தாய், படித்ததும் மனசு கேட்கவில்லை. குருத்து சாயும்போதுதான் நமக்குத் தெரியும், அதற்குள் புழு உள்ளே குடைந்து முடித்திருக்கும். கூன்வண்டு என்றாலே என் கை இன்றைக்கும் மருந்தடிக்கிற டப்பாவைத் தேடுகிறது, அந்தப் புத்தியால் போன குளிர்காலத்தில் இங்கே மயாமியில் ஒரு காரியம் செய்து தொலைத்தேன்.

மகன் வீட்டு வாசலில் கூன்டி என்று முழங்கால் உயரச் செடிகள் இருக்கின்றன. பேருக்கும் கூனுக்கும் சம்பந்தமில்லை, அது செமினோல் பழங்குடியினரின் சொல். பார்த்தால் பனங்கன்று மாதிரி இருக்கும், ஆனால் பனைக்கும் இதற்கும் உறவு கிடையாது, இது பூவுக்குப் பதில் கூம்பு விடுகிற சைக்கஸ் கூட்டத்தைச் சேர்ந்தது. நாட்டு மருந்துக் கடையில் மதனகாமப்பூ என்று வாங்குவோமே, அது நம் மலையில் வளரும் சைக்கஸின் ஆண் கூம்புச் செதில், அந்த வகையறாதான். கூன்டியின் கிழங்கு மாதிரியான தண்டை இங்கே இடித்து, விஷம் போகக் கழுவி மாவெடுத்துத் தின்றிருக்கிறார்கள். அந்த மாவுக்கென்றே மயாமியில் ஒரு காலத்தில் ஆலைகள் ஓடினவாம்.

இதில் ஆண் செடி தனி, பெண் செடி தனி. ஆண் கூம்பை ஒருநாள் குனிந்து பார்த்தால் எள்ளை விடக் கொஞ்சம் பெரிய வண்டுகள், நீட்டிய மூக்கோடு. ஒரு செதிலைப் பிய்த்தேன், உள்ளே புழு. அவ்வளவுதான், அன்று சாயங்காலமே எல்லாக் கூம்புக்கும் மருந்தடித்துவிட்டேன். இந்த வருஷம் பெண் செடியில் விதை என்று சொல்லும்படி ஒன்றும் தேறவில்லை. என் மருந்தால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் அப்புறம் தேடிப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது.

அந்த வண்டுக்கு ரோபலோட்ரியா என்று பேர். வாழ்வதே இந்த மாதிரி செடிகளின் கூம்பில்தான். ஊசியிலை மரங்களுக்குப் போல சைக்கஸுக்கும் காற்றுதான் மகரந்தம் கொண்டுபோகிறது என்று வெகுகாலம் நினைத்திருக்கிறார்கள். 1980களில் இதே மயாமியில் நார்ஸ்டாக் என்கிற தாவரவியலாளரும் கூட்டாளிகளும் மெக்சிகோவின் வெராக்ரூஸ் பக்கத்துச் செடி ஒன்றை வைத்துச் சோதித்தார்கள். பூச்சி வராமல் பெண் கூம்பை மூடினால் விதை பிடிக்கவில்லை, காற்றைத் தடுத்து வண்டை விட்டால் பிடித்தது. அந்தச் செடிக்கும் இதே ரோபலோட்ரியா பேரினத்தில் ஒரு வண்டு இருக்கிறது.

கணக்கைப் பார், அசந்துபோவாய். ஆண் கூம்பில் மாவுச்சத்து நிறைய. வண்டு அங்கே கூடி, முட்டையிட்டு, புழு அந்தச் சதையைத் தின்று, அங்கேயே கூட்டுப்புழுவாகி, உடம்பெல்லாம் மகரந்தத்தோடு வெளியே வரும். மகரந்தம் உதிர்ந்த பிறகு ஆண் கூம்பு எப்படியும் அழுகப்போகிற சமாச்சாரம், தின்றால் செடிக்கு என்ன நஷ்டம்? பெண் கூம்புக்கும் வாசனை உண்டு, வண்டு அதை நம்பி இடுக்கில் நுழையும், ஆனால் அங்கே பந்தி கிடையாது. அந்தச் சதையில் இருக்கிற விஷம் புழுவை வாழவிடாது என்கிறார்கள். ஏமாந்து திரும்பும், திரும்புவதற்குள் செடியின் வேலை முடிந்திருக்கும். பெண் வீட்டில் ஒரு வாய் சோறு போடாத சம்பந்தம் என்று மகனிடம் சொன்னேன், அவனுக்குப் புரியவில்லை, உனக்குப் புரியும்.

மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது, குனிந்து கூம்பைப் பார்ப்பதற்கு மட்டும் வலி தெரியவில்லை. இந்தக் குளிருக்கு மூன்று ஆண் கூம்பு வந்திருக்கிறது. மருந்து டப்பாவைக் கொட்டிக் கழுவிக் காயவைத்துவிட்டேன். வண்டு இன்னும் கண்ணில் படவில்லை, பக்கத்து வீட்டிலும் கூன்டி இருக்கிறது, அங்கிருந்து வந்தால் உண்டு.

நீ மட்டும் இதைப் படித்துவிட்டு உன் தோப்பு வண்டுக்கு இரக்கப்படாதே, அது வேற சாதி. இனக்கவர்ச்சிப் பொறி வைத்தாயா? வாளியில் எத்தனை விழுந்தது என்று எழுது.

அன்புடன்,
ராஜு