என் மகளின் பல்லைக் காப்பாற்றியவர்களுக்கு

அன்புள்ள அங்கன்வாடி டீச்சர் அக்காவுக்கு, பல் டாக்டரம்மாவுக்கு, தண்ணீர்த் தொட்டி அண்ணனுக்கு, எங்கள் தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளில் இருக்கும் அத்தனை பேருக்கும் வணக்கம்.

நேரில் சொல்ல வாயெடுத்தால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகளுக்கு அப்போது நாலரை வயது. மேல் முன்பற்கள் நான்கும் பழுப்பேறி ஓரம் உதிர்ந்திருந்தன. "பால் பல்லுதானே, விழுந்து முளைச்சிடும்" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதையேதான் சொன்னேன். ஆடி மாதம் மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில், கீழ்க் கடைவாய்ப் பல் வலிக்கிறதென்று சோற்றைத் தள்ளிவிட்டாள். கிராம்பை நசுக்கி வைத்தோம். மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். வலி நிற்கும், மறுபடி வரும். ஒரு நாள் விடியற்காலையில் எழுந்து பார்த்தால் தாடை வீங்கி, ஸ்வெட்டர் கையைச் சுருட்டிக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அழக்கூட இல்லை.

முதலில் போன கிளினிக்கில் சரியாகப் பார்க்கவே இல்லை. "பிடுங்கிப் போட்டால் தீர்ந்தது, இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தாய்" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியோடுதான் வீட்டுக்கு வந்தேன்.

டீச்சர் அக்கா, நீங்கள் அன்று அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பிள்ளையை மடியில் வைத்து உதட்டை மெல்லத் தூக்கிப் பார்த்தீர்கள். அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும் மருத்துவக் குழுவுக்கு அங்கேயே போன் போட்டீர்கள். பல் சொத்தையும் அவர்கள் பார்க்கும் பட்டியலில் இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரியும். மறுநாளே சீட்டு வாங்கிக் கொடுத்து, லீவு போட்டு, பனிமூட்டத்தில் முதல் பஸ்ஸில் எங்களோடு அரசு ஆஸ்பத்திரிக்கும் வந்தீர்கள். அந்த ஒரு நாள் லீவுக்கு நான் என்ன கைம்மாறு செய்ய முடியும்?

டாக்டரம்மா, முதலில் வீக்கம் வடிய மருந்து, அப்புறம் பல்லின் வேரைச் சுத்தம் செய்து மேலே எஃகுத் தொப்பி என்று ஐந்து தடவை வரச் சொன்னீர்கள். ஐந்து தடவையும் ஒரே பொறுமை. பிடுங்காதது ஏன் என்றும் சொன்னீர்கள். பால் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இடத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டும், முன்கூட்டியே எடுத்தால் பக்கத்துப் பல் சரிந்து, நிலைப்பல் வர வழியில்லாமல் போகும் என்றீர்கள். இதைத் தெரிந்துகொள்ளாமலேயே "விழுந்து முளைச்சிடும்" என்று எத்தனை வீட்டில் சொல்லியிருப்பேன்!

இரவில் என்ன கொடுப்பாய் என்று கேட்டீர்கள். சர்க்கரை போட்ட பால், பாட்டிலில். நான் ஐந்து மணிக்கு எழுந்து சமைத்துவிட்டுக் கொழுந்து எடுக்கப் போக வேண்டும், அவள் தூங்கினால்தான் நான் தூங்க முடியும். தூக்கத்தில் எச்சில் குறைந்துவிடும், பால் மேற்பல்லிலேயே தங்கிவிடும், கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை தப்பிக்கும் என்று கண்ணாடியில் காட்டினீர்கள். கீழ்ப்பற்கள் வெள்ளையாகவே இருந்தன. பகலில் பாட்டியிடம் சர்க்கரைத் தேநீரில் நனைத்த வர்க்கி பிஸ்கட், நாலைந்து தடவை. கிருமிகள் இனிப்பைத் தின்று அமிலம் விடும், அது பல்லின் சுண்ணாம்பைக் கரைக்கும், எச்சில் அதைத் திரும்பப் பூசும், ஆனால் அதற்கு இடைவேளை வேண்டும் என்றீர்கள். எவ்வளவு தின்றாள் என்பதைவிட எத்தனை தடவை தின்றாள் என்பதுதான் கணக்கு. சாப்பாட்டோடு ஒரு வர்க்கி கொடுங்கள் என்றுதான் சொன்னீர்கள், அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. பாட்டிலில் தண்ணீர் மட்டும் என்று மாற்ற எங்களுக்கு ஒன்பது ராத்திரி ஆயிற்று.

சொத்தை வராமல் தடுக்க ஃப்ளூரைடு சேர்த்த பேஸ்ட் என்றதும் நான் பயந்ததையும் நீங்கள் தட்டிவிடவில்லை. என் நாத்தனார் வாழ்க்கைப்பட்டது தர்மபுரி மாவட்டத்தில். அங்கே சிலருக்குப் பல்லில் பழுப்பு வரி விழுந்திருக்கும், வயதானவர்கள் சிலருக்கு முழங்காலே வளைந்திருக்கும். ஃப்ளூரைடால்தான் என்று கேள்விப்பட்டிருந்தேன். அது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேலே இருப்பதை வருஷக்கணக்காகக் குடிப்பதால் வருவது, பல்லில் வரி விழுவது ஈறுக்குள் பல் உருவாகும் வயதிலேயே நடப்பது என்று விளக்கினீர்கள். அதனால்தான் அங்கே ஒகேனக்கல் காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்தார்களாம். பேஸ்ட் விழுங்குவதற்கல்ல. மூன்று வயது வரை அரிசி அளவு, ஆறு வரை பட்டாணி அளவு, டியூபில் ஃப்ளூரைடு அளவு 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) என்று போட்டிருக்கிறதா பார், துப்பியபின் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதே. பிரஷ்ஷின் குறுக்கே ஒரு பட்டாணி வைத்துக் காட்டினீர்கள். நான் அதுவரை விளம்பரத்தில் வருவதுபோல நீளமாகப் பிதுக்கிக்கொண்டிருந்தேன்.

தேயிலைச் செடியே மண்ணிலிருந்து ஃப்ளூரைடை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கும் என்று நீங்கள் சொன்னது இன்னும் ஆச்சரியம். பதினொரு வருஷமாக அந்த இலையைக் கிள்ளுகிற எனக்கு அது தெரியாது.

நம்ம தண்ணீர் எப்படி என்று நான் புலம்பியதைக் கேட்டு, பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு எடுத்துப் போன தொட்டி அண்ணனுக்கு நன்றி. நம்முடையது மலை ஊற்று, ஃப்ளூரைடு மிகக் குறைவு என்ற தாளை வீடு வீடாகக் காட்டினீர்களே, அதற்கும்.

நான் வேலைக்குப் போகாத நாட்களில் மூத்தவனுக்குச் சோறு போட்ட லைன் அக்காமார்களுக்கு நன்றி. மீதிச் சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுப்பதை நிறுத்திய கடை அண்ணனுக்கும் நன்றி.

அத்தைக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பேத்திக்கு வர்க்கி கொடுத்தது அவர் பாசம். அதனால்தான் வினை என்று கேட்டபோது இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி அவரே பிரஷ்ஷை எடுத்து, பிள்ளையின் தலையை மடியில் சாய்த்து, "ஆ காட்டு" என்றார். ஏழெட்டு வயது வரை பெரியவர்கள்தான் தேய்த்துவிட வேண்டுமாம். இன்றுவரை ஒரு ராத்திரிகூடத் தவறியதில்லை. வாழ்நாள் முழுக்கப் பல்பொடியில் விரலால் தேய்த்தவர் அவர்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஃப்ளூரைடு பூச்சு போட்டு வருகிறோம். புதுச் சொத்தை இல்லை. கடைக்கோடியில், எந்தப் பல்லும் விழாமலே ஒரு பல் முளைக்கிறது. அதுதான் ஆறு வயது நிலைப்பல், பால் பல் என்று விட்டுவிடாதே என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்ததால் கண்டுபிடித்தேன்.

நேற்றுச் சாயங்காலம் கீழ் முன்பல் ஒன்று ஆடுகிறதென்று கத்திக்கொண்டே டீச்சர் வீட்டுக்கு ஓடினாள். செருப்புகூடப் போடவில்லை.

நன்றியுடன்,
கோத்தகிரி பக்கத்திலிருந்து ஒரு தாய்