பூட்டு–சாவிப் படத்தில் உலோகம் எங்கே? பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

உயிர்வேதியியல் பாடநூல்கள் எழுதும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். உலோக நொதிகளின் அமைப்பையும் வேலையையும் ஆராய்வதுதான் என் பிழைப்பு. ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் மாணவர்களிடம் ஒரு நொதியை, அதாவது உயிரணுவில் வேதிவினையை வேகப்படுத்தும் மூலக்கூறை, வரையச் சொன்னால், உடனே பூட்டு–சாவிப் படம் வந்துவிடுகிறது: நொதி பூட்டு, வினைக்கு உள்ளாகும் பொருள் அதில் பொருந்தும் சாவி. சரி, உலோகம் எங்கே என்று கேட்டால், “அது துணைக்காரணிதானே, நொதிக்குக் கூடமாட உதவுவது” என்று ஓரமாக ஒரு சின்ன வட்டம் போடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நீங்கள் எழுதிய புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.

நொதிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு உலோகம் தேவை. அதைத் துணை என்று சொல்லி ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. இரத்தச் சிவப்பணுக்களில் இருக்கும் கார்பானிக் அன்ஹைட்ரேஸைப் பாருங்கள். கார்பன் டை ஆக்சைடைப் பைகார்பனேட்டாக மாற்றும் நொதி அது. ஒரே மூலக்கூறு நொடிக்குப் பத்து லட்சம் முறை வரை அந்த வேலையைச் செய்யும். உள்ளே ஒரு துத்தநாக அயனி. புரதத்தின் மூன்று ஹிஸ்டிடின்கள் (ஒருவகை அமினோ அமிலம்) அதைப் பிடித்துக்கொண்டிருக்க, நான்காவது இடத்தில் ஒரு நீர் மூலக்கூறு. தனியாக இருக்கும் நீர் தன் புரோட்டானை லேசில் விடாது. துத்தநாகத்தோடு ஒட்டிய நீரோ பிஎச் 7 அளவிலேயே விட்டுவிடுகிறது. மிஞ்சும் ஹைட்ராக்சைடுதான் போய்க் கார்பன் டை ஆக்சைடைத் தாக்குகிறது. துத்தநாகத்தை மட்டும் உருவிவிட்டால் புரதம் கிட்டத்தட்ட அதே வடிவத்தில்தான் நிற்கும். பூட்டும் அப்படியே, சாவியும் அப்படியே. ஆனால் திறக்காது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். துத்தநாகத்துக்கு நிறமில்லை, அதனால் நிறமாலைக் கருவிக்கு அது அநேகமாக ஊமை. துத்தநாகத்தைக் கவ்வி எடுக்கும் ஒரு கரிம அமிலத்தில் நொதியை ஊறப்போட்டு, அந்த அமிலத்தைக் கழுவி நீக்கி, காலியான இடத்தில் கோபால்ட்டை வைத்தால் நொதி மறுபடி வேலை செய்யத் தொடங்கும். பிஎச்சை ஏற்றினால் கரைசல் நீலமாகும், இறக்கினால் நீலம் வெளுத்துப்போகும். அந்த நீர் மூலக்கூறு புரோட்டானை விடுவதும் திரும்பப் பெறுவதும்தான் அப்படி நிறமாகத் தெரிகிறது. முதல்முறை பார்க்கும் மாணவர் யாரும் அதற்குப் பிறகு உலோகத்தை ஓரத்தில் வரைந்து நான் பார்த்ததில்லை.

அப்புறம், யூரியாவை உடைக்கும் நொதியான யூரியேஸ். 1926ல் ஜேம்ஸ் சம்னர் ஒருவகை அவரை விதையிலிருந்து யூரியேஸைப் படிகமாக்கி, நொதி என்பது புரதம்தான் என்று காட்டினார். அதற்காக 1946ல் நோபல் பரிசில் பங்கும் கிடைத்தது. இது உங்கள் எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. அதே யூரியேஸில் நிக்கல் இருக்கிறது என்று தெரியவந்தது 1975ல். அதாவது 49 ஆண்டுகள் கழித்து. அதன் செயல்மையத்தில், அதாவது வினை நடக்கும் இடத்தில், இரண்டு நிக்கல் அணுக்கள் அருகருகே உட்கார்ந்திருக்கின்றன. நொதி வெறும் புரதமே என்பதற்குச் சாட்சியாக நிறுத்தப்பட்ட அந்தப் படிகத்துக்குள்ளேயே உலோகம் இருந்தது! இந்தப் பின்பாதியை மட்டும் ஏன் விட்டுவிடுகிறீர்கள்?

காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றும் நொதியான நைட்ரஜனேஸ் பற்றி ஒரு பத்தியாவது கேட்கிறேன். தொழிற்சாலையில் 400 டிகிரிக்கு மேல் சூடும் நூற்றுக்கும் அதிகமான வளிமண்டல அழுத்தமும் கொடுத்து நடத்தும் இந்த வேலையை, பாக்டீரியா இந்த நொதியைக் கொண்டு சாதாரண வெப்பநிலையில் முடிக்கிறது. நொதிக்குள் வினை நடக்கும் உலோகக் கொத்தில் ஏழு இரும்பு, ஒரு மாலிப்டினம், ஒன்பது கந்தகம். 1992ல் எக்ஸ் கதிர்ப் படம் மூலம் அதன் அமைப்பு வெளிவந்தபோது கொத்தின் நடுவே ஒன்றுமில்லை, வெற்றிடம் என்றே நினைத்தார்கள். சுற்றியிருந்த ஆறு இரும்பு அணுக்களின் சிதறல், நடுவில் இருந்ததை மறைத்துவிட்டது. 2002ல் 1.16 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) கூர்மையில் பார்த்தபோது அங்கே ஒரு லேசான அணு தெரிந்தது. நைட்ரஜனா, ஆக்சிஜனா, கார்பனா என்ற வாதம் ஒன்பது ஆண்டுகள் ஓடியது. 2011ல்தான் கார்பன் என்று முடிவானது. அந்தக் கார்பன் அங்கே என்ன செய்கிறது என்பது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. (எக்ஸ் கதிர்ப் படத்தை நம்புவதிலும் ஒரு சிக்கல் உண்டு: படமெடுக்கும் கதிரே சில உலோகங்களுக்கு எலக்ட்ரானைக் கொடுத்து அவற்றின் நிலையை மாற்றிவிடும். ஆனால் அது மேல்வகுப்புக்கு.)

பாடச்சுமை பற்றி எனக்கும் தெரியும், புதிய அத்தியாயம் கேட்கவில்லை. பூட்டு–சாவிப் படத்துக்குப் பக்கத்தில் கார்பானிக் அன்ஹைட்ரேஸின் துத்தநாகத்தை, மூன்று ஹிஸ்டிடின்களோடும் அந்த ஒரு நீரோடும் வரையுங்கள். சம்னர் பத்தியின் முடிவில் 1975ஐ ஒரே வரியில் சேருங்கள். பயிற்சி வினாவில் ‘துணைக்காரணிக்கு இரண்டு எடுத்துக்காட்டுத் தருக’ என்பதை எடுத்துவிட்டு, ‘துத்தநாகத்தை நீக்கினால் எந்தப் படி நின்றுபோகும்?’ என்று கேளுங்கள்.

படம் வரைய ஆள் இல்லையென்றால் நானே வரைந்து அனுப்புகிறேன். நைட்ரஜனேஸ் கொத்தையும் சேர்த்தே அனுப்புவேன், நடுவில் கார்பனோடு.

அன்புடன்,
உலோக நொதிகளோடு காலம் கழிக்கும் ஒரு ஆய்வாளர்