அம்மாவின்ர இதயத்தையும் ஒருக்காப் பார்

மச்சான்,

சுகமா? பிள்ளையள் எப்பிடி? இஞ்ச முள்ளியவளையில அருவி வெட்டு முடிஞ்சுது, சந்திரன் இன்னும் அந்த மோட்டச்சைக்கிளோடதான் திரியிறான், விக்கச் சொன்னா சண்டைக்கு வாறான். சரி, விசயத்துக்கு வாறன்.

அக்காவுக்கும் உன்ர அம்மாவைப் போல மூட்டுவாதம் (ருமட்டொயிட் ஆத்ரைற்றிஸ்) எண்டு தெரியும்தானே. விடிய எழும்பினா விரல் மடக்கேலாது, தேத்தண்ணிக் கோப்பையை ரெண்டு உள்ளங்கையாலயும் அணைச்சுத்தான் தூக்குவா. போன கிளினிக்கில டொக்டர், ரத்தத்தில அழற்சியைக் காட்டுற சீஆர்பியும் ஈஎஸ்ஆரும் கூடிக் கிடக்கு எண்டிட்டு பிரசர் பாத்து ஈசிஜியும் எடுக்கச் சொன்னார். மூட்டு நோவுக்கும் இதயத்துக்கும் என்ன சேர் எண்டு கேட்டன், மனுசன் இருத்தி வைச்சு விளங்கப்படுத்தினார்.

மூட்டில வாற அழற்சி மூட்டோட நிக்காதாம். ஐஎல் 6 எண்ட அழற்சிப் புரதம் ரத்தத்தோட ஈரலுக்குப் போக ஈரல் சீஆர்பியைச் செய்யுது, அதே அழற்சி ரத்தக்குழாய்ச் சுவரையும் பழுதாக்குது, அங்க கொழுப்புப் படிஞ்சு பேந்து வெடிச்சா ஹார்ட் அட்டாக். இந்த வருத்தக்காரருக்கு அந்த ஆபத்து மற்றாக்களை விட ஒண்டரை மடங்கு மட்டிலயாம். ஐரோப்பிய வாத நோய் வைத்தியர்மாரின்ர வழிகாட்டலே இதய வருத்தக் கணக்கில வாற ரிஸ்க்கை 1.5 ஆல பெருக்கச் சொல்லுது.

என்னைத் தூக்கிப்போட்டது வேற. அக்காவுக்குக் கொலஸ்ட்ரோல் குறைவு, வீட்டில எல்லாருக்கும் சந்தோசம். அவர் சொல்லுறார், அழற்சி கூடின நேரம் கொலஸ்ட்ரோல் குறைஞ்சுதான் காட்டுமாம், ஆபத்து குறையாதாம்! மருந்து பிடிச்சு சீஆர்பி இறங்கேக்க கொலஸ்ட்ரோல் கொஞ்சம் ஏறும், அதுக்குப் பயந்து மருந்தை விடக்கூடாது, வருத்தம் அடங்கின பிறகு எடுக்கிற றிப்போட்டைத்தான் நம்பலாமாம்.

உன்ர அம்மாவை நினைச்சுத்தான் இவ்வளவும் எழுதுறன். நோ கூடினா பாமசியில டைக்ளோபெனாக் எண்ட நோக்குளிசை வாங்கிப் போடுறவ எண்டு நீதானே சொன்னனீ, அது இதயத்துக்குக் கூடாதடா. பிரெட்னிசொலோன் எண்ட ஸ்டீரொயிட் குளிசையும் கனகாலம் போட்டா பிரசரும் சீனியும் ஏறும், ஆனா டொக்டரைக் கேக்காமச் சட்டெண்டு நிப்பாட்டவும் கூடாது. மூட்டுவாதத்துக்குக் குடுக்கிற மெத்தோட்ரெக்ஸேட் கிழமைக்கு ஒருக்காத்தான், நாளாந்தம் போட்டா நஞ்சு, எந்த நாள் போடுறது எண்டு பெரிய எழுத்தில பெட்டியில எழுதி ஒட்டு. அம்மாவைப் புகையிலையை விடச் சொன்னா எனக்குத்தான் பேச்சு விழும், விழட்டும்.

இன்னொண்டு, இவையளுக்கு நெஞ்சு நோகாமலே அட்டாக் வரலாமாம். சும்மா களைக்குது, மூச்சு வாங்குது எண்டு சொன்னா வயசு எண்டு விட்டிடாதை.

கடைசி றிப்போட்டைப் படமெடுத்து அனுப்பு. அடுத்த கிளினிக் திகதியையும் சொல்லு, நீ கொழும்பில இருந்து லீவு எடுத்து வரவேண்டாம், ஒட்டுசுட்டானுக்குப் போய் நான் கூட்டிக்கொண்டு போறன்.