ட்ரங்குப் பெட்டியில் மனோன்மணி

பாளையங்கோட்டை,
ஆனி 30

அன்புள்ள முத்தையாவுக்கு,

உம்ம கடிதம் தேரோட்டத்துக்கு மறுநாள் வந்தது. கவரில் ஸ்டாம்பு ஒட்டிக் கடுதாசி போடுகிற கோட்டிக்காரர் இந்தத் தெருவில் நீங்கள் ஒருத்தர்தான் சார் என்று போஸ்ட்மேன் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போனான். சிரிக்கட்டும். தேர் நல்லபடியாக நிலைக்கு வந்து சேர்ந்தது. நான் வடம் பிடிக்கவில்லை, முழங்கால் விடவில்லை. வாகையடி முனையில் ஒரு கடை நிழலில் நின்று கும்பிட்டுவிட்டு, ஒரு நன்னாரி சர்பத் குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

கல்லாச் சாவியை மகன் கையில் கொடுத்த பிறகும் காலை நாலரைக்கு முழிப்புத் தட்டிவிடுகிறது, போய் ஷட்டர் பக்கத்தில் நிற்கிறேன், பையன் முகத்தைச் சுளிக்கிறான் என்று எழுதியிருந்தீர். நான் ரிட்டயர் ஆன வருஷம் பள்ளிக்கூட மணிச் சத்தம் கேட்கிற தூரத்தில்தான் காய்கறி வாங்கப் போவேன். அதனால் உமக்கு யோசனை சொல்லுகிற யோக்கியதை எனக்குக் கிடையாதுவே. வேறொரு சங்கதி சொல்கிறேன், கேளும்.

2023 மார்கழி முதல் தேதி வந்த வெள்ளம் ஞாபகம் இருக்கும். சிந்துபூந்துறையில் என் தங்கச்சி வீட்டுப் பட்டாசலில் நெஞ்சு மட்டத்துக்குத் தண்ணீர். எங்க ஆச்சியின் ட்ரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. தண்ணீர் வடிந்து திறந்து பார்த்தால் உள்ளே ஒரு முழம் வண்டல். பட்டுச் சேலை போச்சு, கல்யாணப் பத்திரிகைகள் போச்சு, ஆச்சி சேர்த்து வைத்திருந்த சினிமாப் பாட்டுப் புஸ்தகம் அத்தனையும் மாவாகக் கரைந்து ஒரு கட்டியாகப் போச்சு. ஒன்றே ஒன்று மட்டும் ஓவல்டின் டின்னுக்குள் சுருட்டி வைத்திருந்ததால் தப்பித்தது. தங்கச்சி அதைத் தட்டட்டியில் காயப்போட்டு, எங்கேயோ வைத்து மறந்து, போன மாதம்தான் என் கையில் தந்தாள். ‘மனோன்மணி.’ 1942-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படம். பி.யு. சின்னப்பா, டி.ஆர். ராஜகுமாரி.

தாள் பழைய வெற்றிலை மாதிரி ஆகிவிட்டது. தைத்திருந்த கம்பி துருப்பிடித்து, அந்தத் துரு பக்கத்துக்குப் பக்கம் ஒரே இடத்தில் பொட்டு வைத்திருக்கிறது. கதைச் சுருக்கம் நல்ல கட்டத்தில் நின்று, ‘மற்றவை வெள்ளித்திரையில்’ என்று முடிகிறது. அட்டையை மட்டும் கழற்றி லேமினேஷன் போடக் கொடுத்தேன். அதுதான் நான் செய்த மடத்தனம். மிஷின் சூட்டில் பழைய மை இளகி, சின்னப்பா மீசையோடு பத்திரமாக இருக்கிறார், ராஜகுமாரி முகம் ஒரு கறுப்புத் தீற்றலாகிவிட்டது. கடைப் பையன் பாவம், “சார், ஃபோட்டோஷாப்பில் வேற முகம் வச்சுத் தரட்டா?” என்றான். எந்த முகத்தை வைப்பான்? வேண்டாம்ப்பா என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தத் தீற்றலைப் பார்த்துப் பார்த்துத்தான் ஒரு மாதமாக அந்த அம்மா நினைப்பாகவே இருக்கிறது.

முதலில் நம்ம ஊர்ச் சம்பந்தத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்துக்கு மூலமான ‘மனோன்மணீயம்’ 1891-ல் சுந்தரம் பிள்ளை எழுதிய நாடகம். பிறகு இந்துக் கல்லூரியாக வளர்ந்த பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். கோடகநல்லூர் சுந்தர சுவாமிகள்தான் அவருக்குக் குரு. நாடகத்தில் சுரங்கம் தோண்டுகிற சுந்தர முனிவர் பேரிலேயே அது தெரியும். பாண்டிய ராஜா ஜீவகன், மந்திரி குடிலன் பேச்சைக் கேட்டு மதுரையை விட்டுவிட்டுத் திருநெல்வேலியில் கோட்டை கட்டிக் குடியேறுகிறான். அந்த ராஜா மகள்தான் மனோன்மணி. ‘நீராருங் கடலுடுத்த’ என்று நாம் அசெம்பிளியில் நின்று பாடினோமே, அது இந்த நாடகத்து வாழ்த்துதான். 1970-ல் அரசாங்கம் அதைத் தமிழ்த்தாய் வாழ்த்தாக்கியது. அபிஷேகப்பட்டியில் பல்கலைக்கழகத்துக்கே அவர் பேர். ஆனால் மனோன்மணி யார் என்று இங்கே பத்து பேரைக் கேட்டால், எட்டுப் பேர் பஸ் ரூட் சொல்வார்கள்.

இதிலே எனக்கு ரசமாகப் பட்டது ஒன்று. மனோன்மணியும் சேர ராஜா புருஷோத்தமனும் ஒருத்தரை ஒருத்தர் நேரில் பார்த்ததே கிடையாது. கனவில் பார்த்துத்தான் காதல். ராஜகுமாரிக்குத் தமிழ்நாடு பிற்பாடு கொடுத்த பட்டம் என்ன? கனவுக்கன்னி! பட்டம் கொடுத்தவர்கள் இதை நினைத்துக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் கனவில் பார்க்கப்படுகிறதையே வேஷமாகப் போட்டவளுக்கு அது பொருத்தமாகத்தான் அமைந்துவிட்டது.

தஞ்சாவூர்க்காரி. 1922-ல் பிறந்தவள். வீட்டில் வைத்த பேர் ராஜாயி. பாட்டி குஜலாம்பாள் பேர் பெற்ற பாடகி. டைரக்டர் கே. சுப்பிரமணியம், அந்தக் குடும்பத்து நடிகை எஸ்.பி.எல். தனலட்சுமியைப் பார்க்கப் போன இடத்தில் இந்த மாநிறப் பெண்ணைக் கண்டுதான் 1941-ல் ‘கச்ச தேவயானி’யில் நாயகியாக்கினார் என்பார்கள். செக்கச்செவேல் என்று இருந்தால்தான் கதாநாயகி என்கிற நினைப்பு இன்றைக்கும் போகவில்லை. அன்றைக்குக் கேட்கவே வேண்டாம். எங்க ஆச்சிக்கு அவள்மேல் இருந்த பிரியத்துக்கே அதுதான் காரணம். “நம்ம நெறந்தாம்ளா அவளும்” என்று என் தங்கச்சியைக் கூப்பிட்டுச் சொல்லுவாள். தங்கச்சி கறுப்பு என்று பெண் பார்க்க வந்தவர்கள் ரெண்டு தடவை முகத்தைத் திருப்பிக்கொண்டு போன சமயம் அது.

ஆச்சிக்கு வீரவநல்லூர். ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு வந்த படம். மெட்ராஸ் பிராட்வே தியேட்டரில் மூணு தீபாவளி பார்த்தது. இங்கே அம்பாசமுத்திரத்துக் கொட்டகைக்கு வந்தபோது, பொம்பளைகள் தாசி ஆட்டம் பார்க்கப் போகக் கூடாது என்று தாத்தா சொல்லிவிட்டாராம். ஆச்சி என்ன செய்தாள் தெரியுமா? பாபநாசத்தில் தலை முழுகப் போகிறோம் என்று வளவுப் பொம்பளைகள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு வண்டி கட்டிவிட்டாள். பொய்யும் இல்லை, முழுகவும் முழுகினார்கள். திரும்புகிற வழியில் படம். ‘மன்மத லீலையை வென்றார் உண்டோ’ என்று தியாகராஜ பாகவதர் பாட, ராஜகுமாரி ஆடி, கையை உதட்டில் வைத்து ஒரு முத்தத்தைக் காற்றில் விடுவாள் பாரும், அந்த இடத்தில் ஆச்சி தலையைக் குனிந்துகொண்டாளாம். “ஒரு கண்ணால பாத்தேன்” என்பாள். அந்தப் பாட்டை எழுதினது பாபநாசம் சிவன். அது தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசம் என்று நான் எத்தனை தடவை சொல்லியும் ஆச்சி கடைசிவரை ஒத்துக்கொள்ளவே இல்லை. “நாங்க முழுகிட்டு வந்ததுக்குப் பலன்லா அது!”

அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தபோது பாகவதர் ஜெயிலில் இருந்தார். மஞ்சள் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலைக் கேஸ். 1944 டிசம்பரில் பிடித்துக்கொண்டு போனவர்களை, லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1947-ல்தான் விட்டார்கள். கலைவாணரும் கூடவே உள்ளே. வெளியே கொட்டகை கொட்டகையாக அவர் பாடிக்கொண்டிருக்க, ராஜகுமாரி அவருக்கு எதிரே தினம் மூணு ஆட்டம் ஆடிக்கொண்டிருக்கிறாள். நினைத்துப் பார்த்தால் என்னமோ செய்கிறது. வெளியே வந்த பாகவதருக்குப் பழைய நாள் திரும்பவில்லை. 1959-ல் போய்ச் சேர்ந்தார். சின்னப்பா அதற்கும் முன்னாடி, 1951-லேயே, முப்பத்தஞ்சு வயசில்.

‘சந்திரலேகா’வை உமக்குச் சொல்ல வேண்டாம். ஜெமினி வாசன் அஞ்சு வருஷம் போல இழுத்து 1948-ல் வெளியிட்டது. முதலில் கே.எல்.வி. வசந்தாவுக்கு என்று இருந்த வேஷம், அவர் மாடர்ன் தியேட்டர்ஸ் பக்கம் போனதால் இவருக்கு வந்தது. ஆளுயர முரசுகள், மேலே ஆடுகிற பெண்கள், ஆட்டம் முடிந்ததும் முரசைக் கிழித்துக்கொண்டு வாளோடு இறங்குகிற வீரர்கள். ஆளுக்கு ஆள் முரசைத்தான் பேசுவார்கள். நான் போன வாரம் மறுபடியும் போட்டுப் பார்த்தேன்வே. அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் கேமரா அந்த அம்மா பக்கம் வருகிறபோது கண்ணைப் பாரும். ஆடுகிற சந்தோஷமே அதில் கிடையாது. உள்ளே ஆள் ஒளிந்திருக்கிறது தெரிந்த கண். எதிரே உட்கார்ந்திருக்கிற வில்லனுக்கு மட்டும் சிரிக்கிறாள். இதை நான் இத்தனை வருஷம் கவனிக்கவே இல்லை. நானும் முரசைத்தான் பார்த்திருக்கிறேன்.

அதற்கு ஆறு வருஷம் கழித்து ‘மனோகரா’. ஊர் முழுக்கக் கண்ணாம்பாவின் வசனத்துக்குக் கைதட்டிக்கொண்டிருந்தபோது, ராஜாவை மயக்கி ராணியைச் சிறையில் போடவைத்த வசந்தசேனை யார்? இதே ராஜகுமாரிதான். வயசு முப்பத்திரண்டு. கனவுக்கன்னியாக இருந்தவள் திட்டு வாங்குகிற வேஷத்துக்குத் துணிந்து இறங்கியிருக்கிறாள். எங்க தெருவில் யாராவது மருமகள் கொஞ்சம் பவுடர் கூடப் போட்டுக்கொண்டால் “வந்துட்டா வசந்தசேன” என்பார்கள், உமக்கும் ஞாபகம் இருக்கும். ஆச்சி மட்டும் அப்படிச் சொல்ல மாட்டாள்.

எனக்கு அந்த அம்மாவிடம் பிடித்தது இதற்கு அப்புறம்தான் வருகிறது. தம்பி டி.ஆர். ராமண்ணாவோடு சேர்ந்து ஆர்.ஆர். பிக்சர்ஸ் என்று சொந்தக் கம்பெனி. எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படமான ‘கூண்டுக்கிளி’ அவர்கள் எடுத்ததுதான், அதே 1954-ல். அவ்வளவு பெரிய ரெண்டு பேரையும் வைத்து எடுத்தும் ஓடவில்லை. வேறு ஆளாக இருந்தால் துண்டைத் தலையில் போட்டிருப்பான். மறு வருஷமே எம்.ஜி.ஆரை வைத்து ‘குலேபகாவலி’ எடுத்து எழுந்துவிட்டார்கள். தியாகராயநகர் பாண்டிபஜாரில் சொந்தமாக ஒரு தியேட்டர், தன் பேரிலேயே. தமிழ் நடிகைகளில் தியேட்டர் முதலாளியான முதல் ஆள் அவர்தான் என்பார்கள். பார்க்கிறவர்களிடம் காசு வாங்குகிற இடத்துக்கு, பார்க்கப்பட்டவள் போய் உட்கார்ந்துவிட்டாள். பாகவதரும் சின்னப்பாவும் தங்கத்தட்டில் சாப்பிட்ட கதையெல்லாம் சொல்கிறார்களே, அவர்களுக்குத் தெரியாத ஏதோ ஒரு கணக்கு இந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. நீர் கடைக்காரர், உமக்குப் புரியும்.

1963-ல் ‘வானம்பாடி’. அதோடு நடிப்பு நின்றது. காலமானது 1999 செப்டம்பரில். நடுவே முப்பத்தாறு வருஷம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மறுபடியும் வருகிறேன் என்று அம்மா வேஷம், பாட்டி வேஷம் என்று கதவைத் தட்டவும் இல்லை. அப்போது இருந்த தியேட்டருக்கு வெளியே தன் பேர் எழுதின போர்டு. உள்ளே திரையில் யார் யாரோ. தினம் அந்த வழியாகப் போகும்போது அவருக்கு என்ன இருந்திருக்கும் என்று யோசிக்கிறேன். உமக்கு அந்த ஷட்டர் பக்கத்தில் நிற்கும்போது இருக்கிறதுதானோ, அல்லது ஒன்றுமே இல்லையோ.

இதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். நீர் மாம்பலத்தில் மளிகைக் கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்த காலத்தில், 74 என்று நினைக்கிறேன், நான் டீச்சர் இன்டர்வியூவுக்கு வந்திருந்தேன். சரக்குப் போடப் போகிறேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு என்னை ராஜகுமாரி தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போனீர். படம் பேரே மறந்துவிட்டது, சவம், அவ்வளவு சுமார். இடைவேளையில் முறுக்கு வாங்க நான் முண்டியடித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்து, “வே, அங்கன பாரும், படிக்கட்டுப் பக்கத்துல” என்றீர். நான் சில்லறையை எண்ணி வாங்கிவிட்டுத் திரும்புவதற்குள் அங்கே யாரும் இல்லை. வெள்ளைச் சேலைத் தலைப்பு ஒன்று கதவுக்குப் பின்னால் போனது போல ஒரு ஞாபகம். அதுகூட நான் பிறகு சேர்த்துக்கொண்டதாக இருக்கலாம்.

யாரைக் காட்டினீர்? அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். படம் தொடங்கிவிட்டது, பிறகு இன்டர்வியூ பயத்தில் விட்டுப்போச்சு. உமக்கு நினைவு இருந்தால் எழுதும். இல்லாவிட்டாலும் இல்லை என்று எழுதும், இருந்தது போலச் சொல்ல வேண்டாம்.

கருப்பட்டி ரெண்டு கிலோ பார்சல் போட்டிருக்கிறேன். அதிலேயே பாட்டுப் புஸ்தகத்தின் ஜெராக்ஸும் இருக்கிறது. அட்டையை எடுக்கவில்லை.

உம்ம,
சங்கரலிங்கம்